கற்றாழை ஜெல், தைலம், நலங்கு மாவு: எத்தனை மாதம் தாங்கும் என்று உற்பத்திக்கு முன்பே எப்படிப் பார்ப்பது?

கீழ்பவானி எழுதியது:

வணக்கம். ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஐந்து பெண்கள். இரண்டு ஆண்டுகளாக நலங்கு மாவு, கரிசலாங்கண்ணித் தைலம், கற்றாழை ஜெல், பூந்திக்கொட்டை ஷாம்பு ஆகியவற்றைச் செய்து உறவினருக்கும் தெரிந்தவர்களுக்கும் கொடுத்து வருகிறோம். உரிமம் வாங்கி, தை மாதம் முதல் முறையாக விற்பனைக்கு இறங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். லேபிள் அடிக்கப் போன இடத்தில் அச்சகத்துக்காரர் கேட்டார்: "எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று போடட்டும்?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "எல்லோரும் 24 மாதம் என்றுதான் போடுகிறார்கள், அதையே போட்டுவிடுகிறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காரணம் உண்டு. போன சித்திரையில் திருப்பூரில் இருக்கும் என் நாத்தனாருக்கு ஆறு பாட்டில் பூந்திக்கொட்டை ஷாம்பு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் படம் எடுத்து அனுப்பினார். பாட்டிலின் அடிப்பக்கம் உப்பி, நிற்க வைத்தால் சாய்ந்தது. மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று நுரை பொங்கிக் குளியலறைச் சுவரெல்லாம் தெறித்ததாம். கழுத்துக்குள் வளையமாகச் சாம்பல் நிற வழவழப்பு, புளித்த மாவு வாடை. அவர் பிள்ளைக்கு ஐந்து வயது. அதற்கு முந்தைய நாள்தான் இன்னொரு பாட்டிலிலிருந்து அவன் தலைக்குத் தேய்த்திருக்கிறார். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதில் வைட்டமின் ஈ சேர்த்திருந்தோம். அது இருந்தால் கெடாது என்றுதான் நாங்கள் போன பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எங்கே தவறு? இரண்டு ஆண்டு காத்திருந்து பார்க்காமல், ஒரு பொருளின் ஆயுளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஆய்வகமேசை எழுதியது:

சகோதரி, லேபிளைப் போட மறுத்து வந்தீர்களே, அதுவே பாதி வேலை. அழகுசாதனப் பொருள் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் வைட்டமின் ஈ. எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை அடிப்பதை அது தள்ளிப்போடும். கிருமியை அது ஒன்றும் செய்யாது. ரோஸ்மேரிச் சாறும் அப்படித்தான். உங்கள் ஷாம்புவில் இருந்தது பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர். அதில் சர்க்கரை இருக்கிறது, ஈரம் இருக்கிறது. ஈஸ்டுக்கு அது விருந்து. பாட்டிலை உப்ப வைத்தது அது விட்ட வாயு.

ஆகவே உங்கள் பொருள்களை இரண்டாகப் பிரியுங்கள்: தண்ணீர் உள்ளது, தண்ணீர் இல்லாதது. தைலமும் மாவும் ஒரு பக்கம், ஜெல்லும் ஷாம்புவும் மறுபக்கம். கெடும் விதமே வேறு. சோதிக்கும் விதமும் வேறு.

காத்திருக்காமல் பார்க்கும் வழிக்கு விரைவு நிலைப்புச் சோதனை என்று பெயர். மாதிரியை 40 டிகிரி செல்சியஸ், 75 விழுக்காடு ஈரப்பதத்தில் மூன்று மாதம் வைத்து, நிறம், மணம், பதம், பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்), எடை ஆகியவற்றைக் குறிப்பது வழக்கம். பத்து டிகிரி கூடினால் வேதிமாற்றம் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும் என்பது இதன் அடிப்படை. இங்கேதான் நம்மூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். "40 டிகிரியில் மூன்று மாதம் தாங்கினால் இரண்டு ஆண்டு தாங்கும்" என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை வெப்பம் 25 டிகிரி என்றால் வேகம் சுமார் 2.8 மடங்கு, அதாவது மூன்று மாதம் எட்டரை மாதத்துக்குச் சமம். உங்கள் வீட்டு அலமாரி 25 டிகிரியிலா இருக்கிறது? 32 டிகிரி என்று வையுங்கள், வேகம் 1.7 மடங்குதான், மூன்று மாதம் ஐந்து மாதமாகச் சுருங்கிவிடும். ஈரோட்டில் அக்கினி நட்சத்திரக் காலத்தில் வெளியே 40 டிகிரி. அந்த நாட்களில் சோதனைப் பெட்டிக்கும் கூரியர் வண்டிக்கும் என்ன வித்தியாசம்? குளிர்நாட்டுக் கணக்கை அப்படியே எடுத்து நம் லேபிளில் போடுவது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம்.

இன்னொன்று. இந்தக் கணக்கு கிருமிக்குப் பொருந்தாது. 45 டிகிரியில் வைத்த ஜெல் சுத்தமாக இருக்கும், அதே ஜெல் 30 டிகிரியில் பூசணம் பிடிக்கும். பல கிருமிகளுக்கு அந்தச் சூடு ஆகாது. அதனால் ஒரு தொகுதி சூட்டில், ஒரு தொகுதி சாதாரண அலமாரியில், ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கக் குளிர்பெட்டியில் என்று மூன்று இடத்திலும் வையுங்கள். எல்லாமே நீங்கள் விற்கப் போகும் அதே பாட்டிலில், அதே மூடியோடு இருக்க வேண்டும். கண்ணாடிக் குடுவையில் சோதித்துவிட்டு பிளாஸ்டிக்கில் விற்றால் சோதித்தது வேறு பொருள், விற்பது வேறு பொருள்.

கீழ்பவானி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. ஈரப்பதத்தோடு 40 டிகிரி வைத்திருக்கும் பெட்டிக்கு நாங்கள் எங்கே போவது?

செக்கெண்ணெய் எழுதியது:

அம்மா, நாமக்கல் பக்கத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் சிறிய பெட்டி கிடைக்கும். முட்டைக்கு 37.5 டிகிரி; நீங்கள் 40-க்கு வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஓர் ஈரப்பதமானியும் வையுங்கள். ஆய்வகக் கருவிக்கு ஈடாகாது, உரிமத்துக்குக் காட்டவும் ஆகாது. ஆனால் எந்தப் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காசு செலவழிக்கலாம், எதை இப்போதே கைவிடலாம் என்று பிரித்துக்கொள்ள அது போதும். நான் என் தைலங்களை அப்படித்தான் பிரித்தேன்.

எண்ணெய் பற்றிச் சொல்கிறேன், அது என் தொழில். எந்த அடி எண்ணெய் என்பதிலேயே பாதி ஆயுள் முடிவாகிவிடும். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு, அதனால் மெதுவாகத்தான் சிக்குப் பிடிக்கும். நல்லெண்ணெயில் எளிதில் கெடும் கொழுப்பு நிறைய இருந்தாலும், அதில் இயற்கையாகவே உள்ள செசமால் போன்ற பொருள்கள் காவலுக்கு நிற்கின்றன. சூரியகாந்தி, ஆளி விதை எண்ணெய்களுக்கு அந்தத் தெம்பு இல்லை. தைலத்தில் பாதிக்குப் பாதி சூரியகாந்தி கலந்துவிட்டுத் தேங்காயெண்ணெயின் ஆயுளைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடத் தொடங்கியிருக்கிறதா என்று காட்டும் பெராக்சைடு மதிப்பை ஆய்வகத்தில் பார்த்துத் தருவார்கள். ஒரே ஒரு முறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். அந்த மதிப்பு ஏறி, உச்சிக்குப் போய், பிறகு இறங்கும். பெராக்சைடு சிதைந்து வாடை தரும் பொருளாக மாறிய பிறகு எடுத்தால், கெட்ட எண்ணெயும் காகிதத்தில் நல்ல எண்ணெயாகத் தெரியும். மாதம் ஒரு முறை எடுத்து வரிசையாகப் பாருங்கள். கூடவே மூக்கையும் நம்புங்கள், ஆனால் உங்கள் மூக்கை அல்ல. தினமும் காய்ச்சுகிறவருக்கு வாடை பழகிவிடும். புதிதாக வீட்டுக்கு வருகிறவரிடம் பழையதையும் புதியதையும் எது எதுவென்று சொல்லாமல் கொடுத்து முகரச் சொல்லுங்கள்.

வேப்பங்கொழுந்து எழுதியது:

இந்த இழையைப் படிக்க வருத்தமாக இருக்கிறது. இயற்கைப் பொருளுக்கு இத்தனை சோதனையா? நம் பாட்டிமார் எந்த ஆய்வகத்துக்குப் போனார்கள்? பெட்டியில் வைத்துச் சூடாக்குவது, கிருமியை எண்ணுவது எல்லாம் கடைசியில் ஏதோ ஒரு ரசாயனப் பதப்படுத்தியைச் சேர்க்கச் சொல்வதற்குத்தான். என்னிடம் வாங்குகிறவர்கள் "எதுவும் சேர்க்காதது" என்பதற்காகவே வாங்குகிறார்கள். கற்றாழை ஜெல்லைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லி நான்கு ஆண்டுகளாக விற்கிறேன். ஒரு புகார் வந்ததில்லை.

மணற்பதம் எழுதியது:

தோழி, பாட்டிமார் சோதித்தார்கள். நான் சித்த மருந்து செய்யும் குடும்பத்தில் வளர்ந்தவள். எங்கள் அப்பத்தா தைலம் இறக்கும் முன் கல்கத்தில், அதாவது தைலத்தில் போட்டுக் காய்ச்சும் அரைத்த மூலிகை விழுதில், ஒரு துளி எடுத்து விரல்களுக்கிடையே உருட்டுவார். மெழுகாக உருண்டால் மெழுகு பதம், மணலாக நெருடினால் மணற்பதம். பிறகு ஒரு பஞ்சுத் திரியைத் தைலத்தில் தொட்டு விளக்கில் காட்டுவார். சடசடவென்று பொரிந்தால் "இன்னும் தண்ணி நிக்குது" என்று மறுபடியும் அடுப்பில் ஏற்றுவார். சத்தமில்லாமல் எரிந்தால்தான் இறக்குவார். இதைவிடத் தெளிவான ஈரப்பதச் சோதனை எது? தைலத்தில் தண்ணீர் நின்றால் அடியில் தங்கிப் புளிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பாட்டிமார் எதைச் சேமித்தார்கள், எதைச் சேமிக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். தைலத்தைச் சேமித்தார்கள். சீயக்காய், நலங்கு மாவைக் காயவைத்து இடித்துச் சேமித்தார்கள். செம்பருத்தி இலையை எப்போது அரைத்தார்கள்? எண்ணெய்க் குளியலன்று காலையில், அம்மியில், அன்றைய தலைக்கு மட்டும். கற்றாழை மடலைக் கீறி அப்போதே தேய்த்தார்கள். மிச்சம் செடிக்கே போனது. ஈரமான எதையும் எந்தப் பாட்டியும் ஆறு மாதம் டப்பாவில் வைத்திருந்ததில்லை. கற்றாழை ஜெல்லை டப்பாவில் அடைத்து நான்கு நாள் பயணம் அனுப்புவது நாம் தொடங்கிய பழக்கம். அதற்கான பொறுப்பையும் நாம்தான் ஏற்க வேண்டும். பாட்டியின் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

புகார் வரவில்லை என்பது பற்றி ஒரு சொல். முகத்தில் பொரிப்பொரியாக வந்தால் பெண்கள் முதலில் வெயிலைச் சொல்வார்கள், பிறகு சாப்பாட்டைச் சொல்வார்கள். இயற்கை ஜெல்லைச் சந்தேகிக்கவே மாட்டார்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் நாம் பிழைக்கிறோம்.

சோப்புக்கட்டி எழுதியது:

சோப்பு செய்கிறவர்கள் யாராவது படித்தால்: கையால் செய்யும் சோப்பின் பிஎச் 9, 10 என்று இருப்பதால் கிருமிப் பயம் குறைவு. எங்கள் எதிரி ஆரஞ்சுப் புள்ளி. ஆறு வாரம் ஆறவைத்து அழகாக இருந்த கட்டியில், நான்காம் மாதம் குங்குமப்பொட்டு அளவுக்கு ஆரஞ்சு நிறம் வரும். முகர்ந்தால் பழைய முறுக்கு வாடை. சோப்பாக மாறாமல் மிஞ்சிய எண்ணெய் சிக்குப் பிடிப்பதுதான் அது. இரும்பு, செம்பு துளி பட்டாலும் விரைவாக வரும். நான் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு வாலை வடித்த நீருக்கு மாறியபின் வெகுவாகக் குறைந்தது.

கீழ்பவானி எழுதியது:

மணற்பதம் அக்கா, திரிச் சோதனையை நேற்றே செய்து பார்த்தேன். எங்கள் தைலம் பொரிந்தது. இரண்டு ஆண்டாக அப்படித்தான் கொடுத்திருக்கிறோம். மீண்டும் காய்ச்சப் போகிறோம்.

ஜெல்லை விட மனமில்லை, அதற்குத்தான் கேட்பு அதிகம். பதப்படுத்தி சேர்க்கலாம் என்று நாங்கள் ஐவரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். எதைச் சேர்ப்பது, அது வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

ஆய்வகமேசை எழுதியது:

இயற்கைச் சான்றளிப்புகள் ஏற்றுக்கொள்ளும் பதப்படுத்திகளே இருக்கின்றன. சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட், பென்சைல் ஆல்கஹால் போன்றவை. ஆனால் பென்சோயேட்டைப் போட்டுவிட்டால் ஆயிற்று என்று எண்ண வேண்டாம். அது அமிலத்தில்தான் வேலை செய்யும். பிஎச் 4.2-ல் அதில் பாதி செயல்படும் வடிவில் இருக்கும். 5.2 ஆனால் பதினொன்றில் ஒரு பங்கு. 6.2-ல் நூற்றில் ஒன்று. புதிய கற்றாழைச் சாறு 4, 5 என்று அமிலமாகவே இருக்கும். அதில் நீங்கள் சோப்புத் தன்மையுள்ள எதையாவது கலந்து பிஎச் ஏறினால் பதப்படுத்தி இருந்தும் இல்லாததுபோல்தான். தாளை நனைத்துப் பார்க்காமல், பிஎச் மீட்டர் ஒன்று வாங்குங்கள். வாரந்தோறும் பாருங்கள். பிஎச் நகர்ந்தால், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஏதோ நடக்கிறது.

வேலை செய்கிறதா என்று அறிய ஆய்வகத்தில் சவால் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஐஎஸ்ஓ 11930 என்று கேட்டால் தெரியும். பொருள் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அல்ல இது. அவர்களே வேண்டுமென்று ஒரு கிராமுக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை பாக்டீரியாவைப் பொருளுக்குள் விடுவார்கள். சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், ஈ. கோலை என்ற மூன்று பாக்டீரியாவோடு கேண்டிடா ஈஸ்ட், ஆஸ்பர்ஜில்லஸ் பூசணம் என்று ஐந்து வகை, தனித்தனியாக. பிறகு 7, 14, 28-ஆம் நாள்களில் எண்ணுவார்கள். முதல் தரத்தில் தேற, ஏழாம் நாளுக்குள் பாக்டீரியா ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும், பிறகு ஏறக் கூடாது. வாடிக்கையாளர் ஈரக்கையை டப்பாவுக்குள் விடும்போது நடப்பதன் பெரிய வடிவம் இது.

புதிய மாதிரியை மட்டும் அனுப்பாமல், சூட்டுப் பெட்டியில் மூன்று மாதம் இருந்த மாதிரியையும் அனுப்புங்கள். கிழடான ஜெல்லிலும் அது காக்க வேண்டும்.

நலங்கு மாவைக் குழந்தைகளுக்குத் தேய்ப்பார்கள் அல்லவா? மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொருளிலும், கண்ணைச் சுற்றியும் சளிச்சவ்விலும் படும் பொருளிலும் ஒரு கிராமுக்கு 100 கிருமிக்கு மேல் இருக்கக் கூடாது, மற்றவற்றில் 1000 என்பது ஐஎஸ்ஓ 17516 வைக்கும் வரம்பு. மொட்டை மாடியில் சாக்கில் காயவைத்த மஞ்சளும் பயறும் அந்த வரம்பை எளிதில் தாண்டும். முதலில் மூலப்பொருளைச் சோதியுங்கள். அரைத்த பிறகு நீர்ச்செயல்திறன் (கிருமி வளரக் கிடைக்கும் ஈரத்தின் அளவு) எவ்வளவு என்றும் கேளுங்கள்; 0.6-க்குக் கீழே எந்தக் கிருமியும் வளராது.

செக்கெண்ணெய் எழுதியது:

உரிமம் பற்றி யாரும் சொல்லவில்லை. மூலிகை என்று சலுகை கிடையாது. அழகுசாதனப் பொருள் விதிகள் 2020-ன்படி மாநில உரிம அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். சொந்தக் கூடம் இல்லாதவர்கள், உரிமம் உள்ள இன்னொருவர் கூடத்தில் செய்யக் கடன் உரிமமும் உண்டு. பேட்ச் எண்ணும் காலாவதியும் லேபிளில் கட்டாயம்.

கீழ்பவானி எழுதியது:

பன்னிரண்டு வாரம் முடிந்தது. கேட்டவர்களுக்காகவும், இனி இந்த வழியில் வருகிறவர்களுக்காகவும் நடந்ததை எழுதுகிறேன்.

குஞ்சு பொரிக்கும் பெட்டி வாங்கினோம். ஞாயிறுதோறும் ஐவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலையும் வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் படம் எடுத்து, எடை போட்டு, முகர்ந்து, நோட்டில் எழுதினோம். பள்ளியில்கூட நான் இப்படி நோட்டு எழுதியதில்லை.

தைலம்: மறுபடி காய்ச்சியது பெட்டியில் பன்னிரண்டு வாரமும் நன்றாக இருந்தது. பழைய முறையில் காய்ச்சியதையும் ஒப்பிட வைத்திருந்தோம். ஏழாவது வாரம் அதன் அடியில் மேகம் போல ஒரு கலங்கல். எட்டாவது வாரம் பால்காரம்மாவிடம் இரண்டையும் எதுவென்று சொல்லாமல் முகரக் கொடுத்தோம். பழையதைச் சட்டென்று தள்ளிவிட்டார்.

நலங்கு மாவு: முதல் மாதிரி ஆய்வகத்தில் தேறவில்லை. மூலப்பொருள்களைத் தனித்தனியாக அனுப்பியதில் பூலாங்கிழங்கும் கோரைக்கிழங்கும்தான் காரணம் என்று தெரிந்தது. மண்ணோடு வருபவை. கழுவி, சீவி, மூடிய உலர்த்தியில் காயவைத்து மறுபடி அனுப்பினோம். பெரியவர்களுக்கான வரம்புக்குள் வந்தது. குழந்தைக்கான வரம்புக்குள் இன்னும் வரவில்லை. ஆகவே "குழந்தைகளுக்கு" என்ற சொல்லை லேபிளிலிருந்து எடுத்துவிட்டோம். எடுக்கும்போது வருத்தமாகத்தான் இருந்தது. அதை வைத்துத்தான் பாதிப் பேர் வாங்கினார்கள்.

பூந்திக்கொட்டை ஷாம்புவைப் பாட்டிலில் விற்பதையே நிறுத்திவிட்டோம். பொடியாகத் தருகிறோம், வேண்டும்போது வீட்டில் கொதிக்க வைத்துக்கொள்ளலாம்.

ஜெல்: சூட்டுப் பெட்டியில் இருந்தது தேன் நிறத்துக்கு மாறியது, மற்றபடி கெட்ட வாடை இல்லை. அலமாரியில் இருந்ததும் தெளிவாக இருந்தது. பிஎச்சும் 4.4-லேயே நின்றது. தேறிவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருந்தோம். ஆனால் ஒரு டப்பாவை நாத்தனாரிடம் கொடுத்து, வழக்கம்போல் தினமும் குளியலறையில் வைத்துப் பயன்படுத்தச் சொல்லியிருந்தேன். ஐந்தாவது வாரம் அதைத் திருப்பிக் கொண்டு வந்தார். மேலே ஜெல் தெளிவாகத்தான் இருந்தது. மூடியைக் கவிழ்த்தால், உள்பக்க மரையின் இடுக்கில் கடுகைப் பாதியாக்கிய அளவில் கருப்புப் புள்ளிகள், ஏழு எட்டு. திறக்காமல் வைத்த டப்பாவில் அது ஒருநாளும் தெரிந்திருக்காது.

ஆய்வகமேசை எழுதியது:

மூடியின் அடியில் ஆவி திரண்டு நின்ற துளியில் பதப்படுத்தி இருக்காது, அதனால் பூசணம் அங்கே முதலில் வரும். அகன்ற வாய் டப்பாவை விடுங்கள். காற்று புகாத பம்ப் பாட்டிலுக்கு மாறுங்கள். மாறியபின் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், பழைய முடிவுகள் இதற்குச் செல்லாது.

கீழ்பவானி எழுதியது:

அதைத்தான் செய்கிறோம் ஐயா. ஜெல் தைக்கு வராது. 50 மில்லி பம்ப் பாட்டிலில் புதிய தொகுதி போட்டாயிற்று. அதில் சவால் சோதனைக்கான மாதிரி வெள்ளிக்கிழமை ஆய்வகம் போகிறது, 28 நாள். பெட்டியில் வைத்ததன் கிழட்டு மாதிரி மூன்று மாதம் கழித்துப் போகும்.

வேப்பங்கொழுந்து எழுதியது:

தைலத்துக்கு எத்தனை மாதம் போட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?

கீழ்பவானி எழுதியது:

ஐந்து. எங்கள் அலமாரியில் பன்னிரண்டு வாரமும் குறித்துப் பார்த்ததில் சராசரி 32 டிகிரி. ஐயா சொன்ன கணக்குப்படி பெட்டியில் இருந்த மூன்று மாதத்துக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். பெட்டியில் அதே பாட்டில்கள் இன்னும் இருக்கின்றன. ஆறாம் மாதமும் நன்றாக இருந்தால் அடுத்த பேட்ச்சில் பத்து என்று போடுவோம். அச்சகத்துக்காரர் இரண்டு முறை கேட்டார், "ஐந்துதானா அம்மா, கடையில் எடுப்பார்களா?" என்று. சிறிய பாட்டிலாக 100 மில்லியில் மட்டும் அடைக்கிறோம், மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும் அளவு. உங்கள் ஜெல் டப்பாவின் மூடியை ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள் தோழி. பெட்டி வேண்டுமென்றால் எங்களிடம் ஓரிடம் காலியாக இருக்கிறது, அனுப்பி வையுங்கள்.